பனி வரி

லண்டனில் நான் மூன்று வருடம் கணக்கியல் படித்தேன். அந்த மூன்று வருடமும் அப்பா அனுப்பிய காசு எங்கே போனது என்பதற்கு இன்றுவரை என்னால் கணக்குக் காட்ட முடியவில்லை. (பரீட்சையிலும் இதே நிலைமைதான்.) ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்றில் ஒரு பங்கு எனக்குச் சொந்தமாக இருந்தது ஞாபகம். வண்டி ஒருநாளும் ஓடாததால் என் பங்கு எஞ்சின் பக்கமாக இருந்திருக்க வேண்டும்.

அறுபதுகளின் நடுவில், முதல் பகுதி மட்டும் தேறி, கம்பளிக் கோட்டும் கையுமாக மாத்தளைக்குத் திரும்பினேன். முதல் பகுதிக்கும் முழுப் படிப்புக்கும் உள்ள வித்தியாசம் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. நானும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறந்ததிலிருந்து என்னை "டேய்" என்றே கூப்பிட்ட அப்பா, "தம்பி, சாப்பிட வாங்க" என்றார். அவருக்கு டவுனில் பலசரக்குக் கடை. என்னுடைய இரண்டாம் வருடச் செலவுக்காகக் கடை லொறியை விற்றிருந்தார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. வெங்காய மூட்டைகள் வாடகை லொறியில் வந்து இறங்கும்போது மட்டும் நான் ஏதாவது வேலையிருப்பது போலக் கடைக்குள் போய்விடுவேன்.

அந்த நேரத்தில்தான் கிளாக்கரய்யா வீட்டுக்கு வந்தார். தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போது எங்கள் வாலிபர் சங்கத்தின் தலைவர். (சங்கத்தில் அவரைவிட இளையவர்கள் இருந்தார்கள், அறுபது வயதில்.)

"தம்பி, நம்ம பக்கத்துல நாலஞ்சு பேரு பிள்ளைகள சீமைக்கு அனுப்ப நிக்கிறாங்க. கவர்மெண்டு ஒவ்வொரு பவுணுக்கும் அப்ளிகேஷன் போடச் சொல்லுது. அங்க மாசம் என்ன செலவாகும்னு ஒருத்தருக்கும் தெரியல. நீங்க வந்து ஒரு சொற்பொழிவு செஞ்சா ஊருக்கே உதவியா இருக்கும்."

யோக்கியமானவன் அந்த இடத்தில், "ஐயா, காசைப் பற்றிப் பேச என்னை விட்டால் ஆள் இல்லையா?" என்று கேட்டிருப்பான். நான் "மைக் இருக்குமா?" என்று கேட்டேன்.

தலைப்பை நானே வைத்தேன்: "அந்நிய நாட்டில் அளவான வாழ்க்கை."

பாடசாலை மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரம் கூட்டம். அப்பா கடையை மூடிவிட்டு வந்து முன் வாங்கில் உட்கார்ந்தார். சம்பள நாளில் கடை மூடியதை மாத்தளை அன்றுதான் பார்த்தது. மடியில் ஒரு பிஸ்கட் டின். கூட்டத்துக்கு எதற்குப் பிஸ்கட் என்று நினைத்தேனே தவிர, வேறு எதுவும் தோன்றவில்லை. பெண்கள் பக்கத்தில் அம்மா, கல்யாண வீட்டுச் சேலையில். அப்பாவுக்குப் பக்கத்தில் யட்டவத்தையிலிருந்து வந்த ஹாஜியார். மிளகு, சாதிக்காய் வியாபாரி. மகன் இரண்டு மாதத்தில் பொறியியல் படிக்கப் புறப்படுகிறான். தொப்பியைச் சரிசெய்து, கொப்பியைத் திறந்து, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு காத்திருந்தார்.

நான் கோட்டோடு மேடையேறினேன். (மாத்தளையில், ஏப்ரல் மாதத்தில்.) எனக்கு முன்னால் எந்த மனிதனும் லண்டனில் அவ்வளவு சிக்கனமாக வாழ்ந்ததில்லை என்று அன்று நானே நம்பிவிட்டேன். ஒரு கோவா வாங்கி இலை இலையாக உரித்தால் நாலு நாள் கறி. அறையிலுள்ள காஸ் அடுப்பில் ஷில்லிங் காசு போட்டால்தான் சூடு வரும். ஆனால் புத்தியுள்ள மாணவன் போடமாட்டான், எழுந்து நடப்பான். பஸ்ஸா? கால் எதற்கு இருக்கிறது?

"மொத்தத்தில்," என்று நிறுத்தி, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு அறிவித்தேன்: "வாரத்துக்கு நாலு பவுண். மனம் வைத்தால் மூன்றரை!"

கைதட்டல். ஹாஜியார் "மூன்றரை" என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார். அப்போது அப்பா எழுந்து நின்றார்.

"தம்பி, ஒண்ண விட்டுட்டீங்க போல."

"என்னதுப்பா?"

"பனி வரி."

எனக்குக் கோட்டுக்குள் ஆறு ஓடியது.

"அதென்ன வரி மொதலாளி?" என்று ஹாஜியார் பென்சிலைத் தூக்கினார்.

அப்பா பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே மூன்று வருடமாக நான் எழுதிய ஏர் லெட்டர்கள், ஒன்று விடாமல், தேதிவாரியாக. மகனுக்கு மறதி வந்தால் எடுத்துக் கொடுக்கலாம் என்று கொண்டு வந்திருக்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெருமையான குரலில் வாசித்தார்.

"'அன்புள்ள அப்பா, இங்கு பனி கடுமை. எங்கள் தெருப் பனியை அள்ளுவதற்கு ஆளுக்கு ஏழு பவுண் வரி போட்டிருக்கிறார்கள். கட்டாதவர் வாசலில் அள்ளமாட்டார்கள். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறக்க முடியாமல் இரண்டு நாள் உள்ளேயே இருந்தார்...'"

ஹாஜியார் எழுதிக்கொண்டே, "ஏழு பவுணா? வருஷத்துக்கு ஒருக்காவா, ரெண்டு தரமா?" என்று விசாரித்தார்.

தலைவர் நாற்காலியிலிருந்த கிளாக்கரய்யா முன்னால் குனிந்தார். "மொதலாளி, கடிதத்துல தேதி என்ன போட்டிருக்கு?"

"ஜூலை பதினாலு."

"ஜூலையா?" கிளாக்கரய்யா யோசித்தார். "எங்க தொரை ஜூலைலதானே சீமைக்கு லீவுல போவாரு, வெயில் காயுறதுக்கு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முப்பது வருடம் துரைமாரின் லீவு விண்ணப்பங்களை டைப் அடித்த ஒருவர் சபையில் இருப்பார் என்று ஜூலை பதினாலாம் தேதி நான் எதிர்பார்க்கவில்லை.

"அது வந்து... முன்கூட்டியே கட்டணும்," என்றேன்.

பின் வாங்கில் யாரோ சிரித்தார்கள். ஹாஜியார் மட்டும் "முன்கூட்டி" என்று எழுதினார்.

அப்பாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அடுத்த கடிதத்தை எடுத்தார். "இதையும் விட்டுட்டீங்க தம்பி. மூடுபனி நாள்ல ஒங்க கையப் புடிச்சு காலேஜுக்குக் கூட்டிக்கிட்டுப் போன ஆளு. அவருக்கு மாசச் சம்பளம் ரெண்டு பவுண். தீவாளிக்கு வேட்டியும் கேட்டு எழுதியிருந்தீங்களே!"

இந்தத் தடவை சிரிப்பு முன் வாங்குவரை வந்துவிட்டது. "அதோட சரி, உட்காருங்கப்பா" என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்துவிட்டாள். வாழ்நாளில் ஒரு சபையில் அவள் பேசியது அன்று மட்டும்தான்.

"தம்பி, அந்தப் பெரியவரு சொகமா இருக்காரா? வேட்டி அவருக்குப் பத்துச்சா?"

அம்மா அந்த வேட்டியைப் பார்சல் கட்டி, தைத்து, முகவரி எழுதச் சொல்லித் தபால் கந்தோரில் ஒரு மணித்தியாலம் நின்றிருப்பாள். அது என் அறை ஜன்னலில் திரையாகத் தொங்கியது.

"அவரு இல்லம்மா," என்றேன்.

"ஐயையோ! செத்துப் போயிட்டாரா?"

பெண்கள் பக்கமெல்லாம் உச்சுக் கொட்டியது. கிளாக்கரய்யாகூட எழுந்து நின்றார். இரங்கல் தீர்மானம் போடப்போகிறார் என்று பயந்துவிட்டேன்.

"இல்லம்மா. அப்படி ஒரு ஆளே இல்ல. பனி வரியும் இல்ல. எல்லாம் நானா எழுதினது."

மைக்கில் சொன்னதால் அது வெளியே சைக்கிள் நிறுத்துமிடம்வரை கேட்டது. அம்மா உட்கார்ந்தாள். அப்பா கடிதங்களை ஒவ்வொன்றாக மடித்து, டின்னில் வைத்து, மூடியை அழுத்தி மூடினார். கிளாக்கரய்யா நன்றியுரையில், "மிகவும் பயனுள்ள பல தகவல்கள்" என்றார். மனிதர் கெட்டிக்காரர், என்னென்ன தகவல் என்று சொல்லவில்லை.

வீட்டில் யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அப்பா எட்டிப் பார்த்து, "டேய், வந்து தின்னு," என்றார். லண்டன் கொடுத்த மரியாதை மூன்று மாதம் தாக்குப்பிடித்தது. திங்கட்கிழமையிலிருந்து நானும் கடைத் தராசில் வெங்காயம் நிறுத்தேன். கம்பளிக் கோட்டைக் கண்டியிலுள்ள பழைய துணிக்காரரிடம் விற்று அம்மாவுக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நெசமான சேலைதானே?" என்று கேட்டாள்.

அந்த வாரமே ஹாஜியார் கடைக்கு வந்தார். மூன்றரை பவுணை நம்பி விண்ணப்பம் கொடுத்துவிட்டாரோ என்று எனக்கு உதறல். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையமர்த்தினார்.

"தம்பி, ஒங்கட சொற்பொழிவால எனக்குப் பெரிய ஒதவி. எங்கட மகனும் போய்க் கடிதம் எழுதுவான். எது நெசம், எது பொய்யென்டு எனக்கெங்க வெளங்கும்? நீங்கதான் வாசிச்சுச் சொல்லணும். இந்த வேலைக்கு ஒங்களப் போல படிச்ச ஆள் இந்தப் பக்கத்துல இல்ல."

அப்படித்தான் எனக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது. சம்பளம் இல்லை, வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம் சாதிக்காய். விஷயம் பரவி, பல்லேபொலையிலிருந்தும் நாலந்தாவிலிருந்தும்கூடத் தகப்பன்மார் கடிதத்தோடு பஸ் ஏறி வந்தார்கள். வெங்காயத்தை நிறுத்தபடியே தீர்ப்புச் சொல்வேன். "புத்தகச் செலவு நெசம். பல் வைத்தியச் செலவு பொய். சின்னப் பொய்தான், விட்டுருங்க." என்னால் எத்தனை பிள்ளைகளின் மோட்டார் சைக்கிள் கனவு கருகியதோ தெரியாது. அப்பா கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மட்டும், "லொறி வித்த காசுக்கு ஏதோ ஒண்ணு படிச்சிருக்கான்," என்று பாக்குத்தூள் வாங்க வந்தவரிடம் சொன்னார்.

அடுத்த வருடம் தை மாதத்தில் ஹாஜியார் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். மகன் எழுதியிருந்தான்: தான் சுகம். அறை கதகதப்பாக இருக்கிறது. பழங்கள் நிறையச் சாப்பிடுகிறான். தினமும் நூலகம் மூடும்வரை அங்கேதான் படிப்பு, சனிக்கிழமைகூட. கையில் காசு மிச்சம். இரண்டு மாதத்துக்கு எதுவும் அனுப்ப வேண்டாம்.

"பாத்தீங்களா தம்பி? எங்கட மகன் ஒங்களப் போல இல்ல!"

நான் இரண்டு தடவை வாசித்தேன். எழுத்தைப் பார்த்தேன். அழகாக எழுதுகிற பிள்ளை. இதில் ஒவ்வொரு எழுத்தும் பெருத்துக் கோணியிருந்தது. கையுறையைக் கழற்றாமல் எழுதிய எழுத்து. அறைக்குள்ளே யார் கையுறை போடுவார்கள்? மாதக் கடைசியில் நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அவன் நூலகம் மூடும்வரை இருந்ததும் அங்கே சூடு இலவசம் என்பதால்தான்.

"ஹாஜியார், இதுவரைக்கும் வந்ததுல இதுதான் பெரிய பொய்," என்றேன். "மிளகு வெல விழுந்தத யாராவது மகனுக்கு எழுதினீங்களா?"

அவர் மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார். "அவன்ட உம்மா எழுதினா," என்றார். கடிதத்தை வாங்கி மடித்தார். பிறகு, "எவ்வளவு அனுப்பணும் தம்பி?" என்று கேட்டார்.

"மாசம் நாப்பது பவுணுக்குக் கொறையாம." இந்த விஷயத்தில் நான் சொன்ன முதல் உண்மையான தொகை அதுதான். அவர் அதைக் கொப்பியில் எழுதவில்லை. நேரே வங்கிக்கு நடந்தார்.

அந்தக் கதை எங்கள் வீட்டில் பிள்ளைகள் காதில் அடிக்கடி விழுந்தது தப்பாகப் போயிற்று. வருடங்கள் கழித்து என் மகள் மேற்படிப்புக்கு ஆஸ்திரேலியா போனாள். மூன்றாம் மாதம் ஒரு கடிதம்: "அப்பா, நான் நல்லா இருக்கேன். காசு ஒன்றும் வேண்டாம்." நான் அன்று கடை திறக்கவில்லை. வங்கிக் கதவு திறக்க முன்பே வாசலில் நின்றேன்; கையிலிருந்ததையெல்லாம் அனுப்பினேன்.

அவள் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தாளாம். அந்தப் பணத்தில் ஒரு கிட்டார் வாங்கிவிட்டாள். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாருக்காவது காசு தேவையென்றால் என்னிடம் கேட்பதில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் வேணாம்ப்பா," என்கிறார்கள். நானும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு எழுந்திருக்கிறேன்.