முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும்

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நான் நலம், உன் அத்தை நலம், போட்டோ ஸ்டூடியோ கம்ப்யூட்டரும் உன் புண்ணியத்தில் நலம். நீயும் என் பையனும் நன்றாக இருக்க வேண்டும், முக்கியமாக நீ.

நேற்று மாலை தலைமையாசிரியை டீச்சருக்கு ஓய்வு விழா. தன்னிடம் படித்த பிள்ளைகளின் படம் திரையில் வரவேண்டும், கீழே பெயரும் வரவேண்டும், அதுதான் அவர் கேட்ட ஒரே பரிசு. பெயர் கோப்பிலேயே இருக்கிறது, ஒட்டிக்கொண்டு வரும் .jpg என்ற வாலை மட்டும் நறுக்க வேண்டும். அதற்கு நீ ^(.+)\.([^.]+)$ என்று அனுப்பி, இதுக்குப் பேர் ரெகுலர் எக்ஸ்பிரஷன், எங்க வெட்டணும்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற சூத்திரம் என்றாய். எங்கள் தொழிலில் எக்ஸ்பிரஷன் என்றால் முகபாவம், இது முறைக்கிற மாதிரி இருந்தது. முதல் அடைப்புக்குறி பெயருக்கு, இரண்டாவது வாலுக்கு. நான் சும்மா இருந்திருக்கலாம். போயும் போயும் வாலுக்கு இவ்வளவு பெரிசு, பெயருக்கு இத்தனூண்டா என்று நியாயம் பார்த்து, இரண்டுக்குள்ளும் இருந்ததை இடம் மாற்றித் தொலைத்தேன். ஒத்திகை போட்டால் திரையில் ஒரு முகம், கீழே "மு". அடுத்த முகம், "க". நம் ஆட்களில் யாரம்மா இனிஷியல் இல்லாமல் பெயர் எழுதுகிறார்கள்? முதல் புள்ளியிலேயே வெட்டிவிட்டது. அப்பாவின் எழுத்து நின்றது, பிள்ளையின் பெயர் வாலோடு போச்சு.

டீச்சர் முகம் வாடிவிட்டது. "என்ன சார் இது? நான் பாடம் நடத்துனது பிள்ளைங்களுக்கு. இங்க அவங்க அப்பாங்க வரிசையா நிக்கிறாங்களே!"

உடனே உனக்குப் போன் போட்டேன். மீட்டிங்கை விட்டு வெளியே ஓடிவந்து நீ சொன்னாய்: "மாமா, புள்ளியும் பிளஸ்ஸும் சேர்ந்தா பேராசை பிடிச்சது. முடிஞ்ச மட்டும் வாரிக்கிட்டுப் போய் கடைசிப் புள்ளியிலதான் நிக்கும். அதையே முன்னாடி விடுங்க."

பேராசைக்காரனை முன்னால் விட்டேன். முழுப் பெயரும் வந்து உட்கார்ந்தது. விழாவில் டீச்சர் ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படிக்க, கூட்டத்திலிருந்து நரைத்த தலைகள் எழுந்து "உள்ளேன் டீச்சர்!" என்றன. நான் புரொஜெக்டருக்குப் பின்னால் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். நீ நல்லா இருக்கணும்மா. என் மானத்தை நீதான் காப்பாற்றினாய்.

இனிமேல் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன். பெயர் எது, வால் எது, எல்லாம் எனக்கு அத்துப்படி.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி என்றும் உண்டு.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: இதை முதலில் கம்ப்யூட்டரில்தான் அடித்தேன். "மருமகளுக்கு.நன்றி" என்று பெயர் வைத்துச் சேமித்தேன். 'நன்றி' வகைக் கோப்பை எதில் திறப்பது என்று தெரியவில்லை என்கிறது. எனக்கும் தெரியவில்லை. அதனால் மறுபடி கையால் எழுதித் தபாலில் போடுகிறேன். கிடைத்ததும் கூப்பிடு.