அந்திமந்தாரையும் அய்யாக்குட்டியும்

என் பிள்ளைக்கு என் அப்பா பேரைத்தான் வைப்பது என்று நான் தீர்மானம் செய்தபோது, பிள்ளை கிருபாபாயின் வயிற்றில் மூன்று மாதம். தீர்மானத்தைச் சாய்வு நாற்காலியில் படுத்தபடி செய்தேன். என் பெரிய தீர்மானங்கள் எல்லாம் அங்கேதான் பிறக்கும். பெரும்பாலும் அங்கேயே தூங்கியும்விடும்.

கப்பல் கம்பெனி ஆபீஸில் குமாஸ்தா வேலை முடித்துவிட்டு, சாயங்காலம் பின்முற்றத்தில் அந்த நாற்காலியில் சாய்ந்தால், உப்பளத்துக் காற்று வந்து முகத்தைத் தடவும். கண் செருகும். துறைமுகத்துப் பாய்மரங்கள் எல்லாம் மேகத்தில் மிதக்கும். அந்த அரைத்தூக்கத்தில் ஈர மணலில் என் மகன் அய்யாக்குட்டி ஓடிவருவான். என் மூக்கு, என் நெற்றி, என் அப்பா பேர்.

"அய்யாக்குட்டியா?" என்றாள் கிருபாபாய். "பிள்ளையை அய்யான்னு கூப்பிடவா, குட்டின்னு கூப்பிடவா?"

"எங்க அப்பா பேரு, கிருபா."

"அது அவுக காலத்துக்குச் சரி. யுத்தமே முடிஞ்சு போச்சு. ஞானதீபம்னு வைப்போம். ஆணுக்கும் ஆகும், பொண்ணுக்கும் ஆகும்."

"கடற்கரை ஊருல தீபம் நிக்குமா? காத்துல அணைஞ்சிரும்."

"நீங்க ஊதாம இருந்தா நிக்கும்."

அந்த வாரம் எங்கள் ஆலய மண்டபத்தில் ஒரு சொற்பொழிவு. பிள்ளைகள் பெற்றோரைப் போல இருப்பது ஏன், உடம்புக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்று ஒரு பேராசிரியர் வந்து பேசினார். கிருபாபாய் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். நான் ஜன்னலோரம்.

சீமையில் ஒரு சாமியார் பட்டாணிச் செடி வளர்த்தாராம். ஊதாப் பூச் செடியையும் வெள்ளைப் பூச் செடியையும் இணை சேர்த்தாராம். பிறந்த செடி அத்தனையிலும் ஊதாப் பூ. வெள்ளை போன இடம் தெரியவில்லை. ஆனால் அது சாகவில்லை, பதுங்கியிருந்தது. அடுத்த தலைமுறையில் நாலில் ஒரு பங்கு செடிகளில் வெள்ளை திரும்பி வந்துவிட்டது. மேலே நிற்பதற்கு ஓங்கு பண்பு என்று பேர். பதுங்குவது ஒடுங்கு பண்பு.

எங்கள் வீட்டில் ஒடுங்கு பண்பு யார் என்பது தெருவுக்கே தெரியும். அதனாலேயே எனக்கு அந்த ஊதாப் பூவின் மேல் ஒரு ஆசை விழுந்தது. பேராசிரியர் வேறொரு பூவைப் பற்றி ஆரம்பித்தார். ஜன்னல் வழியே காற்று வந்தது. நான் பட்டாணிக் கொடி படர்ந்த ஒரு பாய்மரக் கப்பலில் ஏறி எங்கேயோ போய்விட்டேன். கரை திரும்பியபோது அவர் சர்க்கரையும் மூச்சுக் காற்றும் என்று பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் திட்டம் தயார்.

"கிருபா, சண்டை வேண்டாம். விஞ்ஞானம் தீர்ப்புச் சொல்லட்டும். ஒரு நிறம் நான், ஒரு நிறம் நீ. ரெண்டு பூவையும் இணை சேப்போம். பிறக்கிற செடியில எந்த நிறம் பூக்குதோ, அந்தக் கட்சி பேரு வைக்கட்டும்."

அவள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே யோசித்தாள். "பட்டாணி நம்ம ஊருத் தண்ணிக்கு வராதே. அந்திமந்தாரை போடுவமா? ரோச் அண்ணாச்சி வீட்டு வேலியில சிவப்பு நிக்கி. கோயில் தோட்டத்துல வெள்ளை கெடக்கு."

"நான் சிவப்பு" என்றேன் அவசரமாக. நிறமுள்ள பூதானே ஜெயிக்கும். "நீ வெள்ளை மனசுக்காரி. உனக்கு வெள்ளைதான் பொருத்தம்."

"சரி. ரெண்டும் இல்லாம கலப்பா பூத்தா?"

"பூக்காது. பட்டாணியில பூக்கலையே."

"பூத்தா?"

"பூத்தா உன் இஷ்டம்போலப் பேரு வச்சுக்கோ."

கிருபாபாய் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கீரையை மட்டும் மிக வேகமாக உருவினாள். நான் அதைக் கீரைமேல் உள்ள கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

கோயில் தோட்டத்து வெள்ளைச் செடி ஒன்றைப் பெயர்த்து வந்து பின்முற்றத்தில் நட்டேன். அது வேர் பிடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், விரியாத வெள்ளை மொட்டுகளைத் திறந்து உள்ளிருந்த மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்தேன். சாயங்காலம் பூ விரிந்ததும் சிவப்பின் மகரந்தத்தைக் கோழி இறகால் தொட்டு வைத்து, ஒவ்வொரு பூவுக்கும் மல்துணியால் முக்காடு போட்டேன். பக்கத்து வீட்டு ரோச் அண்ணாச்சி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர்.

"என்ன சார், பூவுக்குக் கல்யாணமா?"

"ஆமா அண்ணாச்சி."

"பொண்ணுக்கு முக்காடு போட்டிருக்கிய, மூணு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கலையே. எந்தக் கோயில்ல கல்யாணம்?"

மிளகு மாதிரி கறுப்பு விதை விழுந்தது. விதைத்தேன். முளைத்தது. முளைத்ததும் வந்தது தொல்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. தெருக்குழாயில்தான் நல்ல தண்ணீர்.

"எந்திரிங்க. குடத்தை எடுங்க" என்றாள் கிருபாபாய்.

"நான் சும்மா கெடக்கேன்னு நினைக்காத. என் உடம்பு பூரா கோடி கோடியாச் செல்லு வேலை செய்யுது. ஒவ்வொண்ணும் ஒரு அடுப்பு. தின்ன சோறு சர்க்கரையாகி அங்க போவுது. மூச்சுக்காத்தும் போவுது. ரெண்டும் சேந்து தீ இல்லாம, புகை இல்லாம மெல்ல எரியுது. அதுதான் சக்தி."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ரோச் அண்ணாச்சி குரல் வந்தது. "உடம்பு பூராச் செல்லா? எங்க வீட்டு விட்டத்துல செல்லு ஏறினப்போ மண்ணெண்ணெய் ஊத்தினோம் சார். ஒரு பாட்டில் தரட்டா?"

"அது மரத்தை அரிக்கிற கறையான் செல்லு அண்ணாச்சி. இது எரிக்கிற செல்லு."

கிருபாபாய் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு துவைகல்லில் உட்கார்ந்தாள். வானம் சிப்பியின் உள்பக்கம் போல மினுங்கியது. தூரத்தில் ஒரு தோணி மணி அடித்தது.

"உள்ள கெடக்கிறதுக்கும் அப்படித்தானா?" என்று கேட்டாள்.

"அதுக்கும் அப்படித்தான். முதல்ல ஒரே ஒரு செல்லு. பாதி உன்கிட்டயிருந்து வந்தது, பாதி என்கிட்டயிருந்து வந்தது. அது ரெண்டாச்சு, நாலாச்சு..." என் குரல் தானாகத் தணிந்துவிட்டது. சொல்லச் சொல்ல எனக்கே அது கனவு மாதிரி இருந்தது. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அடுப்புகள், இருட்டுக்குள்ளே, ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு வருகின்றன. அத்தனையும் சேர்ந்து ஒரு மூக்கு, ஒரு விரல்.

"அந்த அடுப்புக்கெல்லாம் சர்க்கரை?"

"உன் ரத்தத்துலருந்து."

"மூச்சு?"

"அதுவும் உன் மூச்சுதான்."

"அப்போ எனக்கும் அதுக்கும் சேத்து நானே அடுப்பு எரிக்கேன். நீங்க என்ன செய்யுதிய?"

"நான் யோசிக்கேன்."

"யோசிக்கதுக்கும் சோறு நாந்தான போடுதேன்? எந்திரிங்க, குடத்தை எடுங்க."

எடுத்தேன். அன்றிலிருந்து தினமும் எடுத்தேன். செடிக்கு, சமையலுக்கு, குளிக்க என்று குடங்கள் வளர்ந்தன. செடியும் வளர்ந்தது. கிருபாபாயும் நடை தளர்ந்து, கை ஊன்றி எழுகிறவளானாள். குடத்தைக் கொடுக்கும்போது அவள் கை வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே எத்தனை அடுப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

மொட்டு விட்டது. நுனி சிவந்திருந்தது. எனக்கு ஆபீஸில் வேலை ஓடவில்லை. மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுச் செடிக்கு எதிரே நாற்காலியைப் போட்டேன். ரோச் அண்ணாச்சியையும் சாட்சிக்கு அழைத்தேன். வெயில் சாய்ந்தது. முதல் பூ விரிந்தது. பிறகு ஒவ்வொன்றாக அத்தனையும் விரிந்தன. முற்றம் முழுக்க வாசம்.

அத்தனையும் ரோஸ்.

"இளஞ்சிவப்பு" என்றேன். "சிவப்புக்கு அது தம்பி. நான் ஜெயிச்சாச்சு."

"வெள்ளைக்குக் கொஞ்சம் வெக்கம் வந்தாப்புல இருக்குன்னும் சொல்லலாம்லா?" என்றாள் கிருபாபாய். "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி."

ரோச் அண்ணாச்சி குனிந்து பார்த்தார். "பொய் சொல்லக்கூடாது சார். ரெண்டும் இல்ல. கலப்பு."

"பட்டாணியில வராதது இதுல எப்படி வந்தது?"

"அந்திமந்தாரையில ஒண்ணு ஒண்ணை அமுக்காதாம். ரெண்டு நிறமும் கலந்தாப்புலதான் பூக்குமாம். அந்தப் பேராசிரியர் சொன்னாரே" என்றாள் கிருபாபாய். "நீங்க அப்போ வாயைத் தொறந்துக்கிட்டு கொழும்பு போயிருந்திய."

ரோச் அண்ணாச்சி வேலியைத் தாண்டி மெதுவாகப் போய்விட்டார். அந்தப் பக்கம் அவர் வெகுநேரம் இருமினார்.

எனக்குக் கடைசியாக ஒரு பிடி கிடைத்தது. "இருக்கட்டும். இது முதல் தலைமுறை. இதோட விதையைப் போட்டா அடுத்த தலைமுறையில சிவப்பு திரும்பி வரும். விஞ்ஞானப்படி எனக்கு அதுவரைக்கும் தவணை உண்டு."

"நியாயம்தான்" என்றாள் அவள். அப்படி ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "ரெண்டாந்தலைமுறைன்னா நம்ம பேரப்பிள்ளை. அதுக்கு அய்யாக்குட்டின்னு வையுங்க. நான் குறுக்க வரமாட்டேன்."

ஐப்பசி மழையில் பெண் பிறந்தாள். என் மூக்கு, அவள் அம்மா நெற்றி. ஆலயத்தில் ஞானஸ்நானத்தின்போது போதகர் ஐயர் பேர் கேட்டபோது, கிருபாபாய் என்னைப் பார்த்தாள். நானே வாய் திறந்து ஞானதீபம் என்று சொன்னேன். சொல்லும்போது அந்தப் பேர் அவ்வளவு மோசமாக இல்லை.

இப்போது சாயங்காலங்களில் நாற்காலியில் சாய்ந்து, ஒரு காலால் தொட்டிலை ஆட்டுகிறேன். அரைத்தூக்கத்தில் ஈர மணல் தெரிகிறது. ஓடிவருகிறவன் பேரன். நேற்று அந்த நினைப்பில் கேட்டேவிட்டேன்.

"கிருபா, பேரப்பிள்ளைக்கு நான் சொல்லுற பேருதான்னு சொன்னியே, அது நிச்சயம்தான?"

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் அவள், பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு. "சுமக்கப் போறவ இவதான். பேசத் தொடங்கினதும் இவகிட்டக் கேட்டுக்கிடுங்க."