பிலிம் சாமியார் கழுவிக் கொடுத்த மூளை

2006-இல் திருப்பூரில் பனியனுக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்பட்டவர் பிலிம் சாமியார். மற்ற சாமியார்கள் முகத்தைப் பார்த்துக் குறி சொல்வார்கள். இவர் ஸ்கேன் பிலிமைப் பார்த்துச் சொல்வார். விஞ்ஞானம் வளர்ந்தால் மோசடியும் வளர வேண்டாமா? தாராபுரம் சாலையில் அவருடைய கொட்டகை முன்னால், பெரிய பெரிய ஸ்கேன் கவர்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டம் வரிசைகட்டி நின்றது.

அந்த வரிசையில் சாரதாமணியும் நின்றாள். பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாகச் செக்கிங் வேலை. துணியில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் பிடித்துவிடுவாள். பத்து நாளாக வலது கண் மங்கல், இடது கால் மரத்துப்போயிருந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த டாக்டர், மூளையிலும் கழுத்துத் தண்டுவடத்திலும் வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினார்.

"உடம்போட எதிர்ப்புச் சக்தியே நரம்பு மேல இருக்கிற உறையை அரிக்குதும்மா. கரண்டு ஒயருக்கு மேல்தோல் உரிஞ்ச மாதிரி. அஞ்சு நாள் ஊசி மருந்து ஏத்தணும். தள்ளிப்போடாதீங்க."

புருஷன் நாச்சிமுத்துவுக்கு ஒயர் புரியவில்லை. செய்வினை என்று யாரோ சொன்னதும் சட்டென்று புரிந்துவிட்டது.

சாமியார் பிலிமை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார், தலைகீழாக.

"ஏழு புள்ளி, ஏழு பேயி. ஊசி போட்டா உள்ளயே தங்கிருமுங்க கண்ணு."

காணிக்கையோடு பிலிமும் திரைக்குப் பின்னால் போனது. மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம் கேட்டது. திரும்பி வந்த பிலிமின் மூலையில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அப்பிய குங்குமம். புள்ளி ஒன்றுகூட இல்லை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பாத்தியா புள்ளெ? ஊசி வேண்டாம், ஊட்டுக்குப் போலாம்" என்றான் நாச்சிமுத்து.

சாரதாமணி வலது கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். பிலிம் தெளிந்துவிட்டது, கண் தெளியவில்லையே. கண் போனால் பிழைப்பே போச்சு.

வெட்டிவந்த துணித் துண்டுகள் ஒரே அளவா என்று ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்ப்பது அவள் தினமும் செய்கிற வேலை. பக்கத்தில் சோமனூர் ஆயம்மாள், போன வாரம் கழுவி வாங்கிய பிலிமோடு நன்றி சொல்ல வந்திருந்தாள்.

"அக்கா, அதைக் கொஞ்சம் குடுங்க."

இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். மண்டையோடு மண்டை, மடிப்போடு மடிப்பு, மயிரிழைகூட விலகவில்லை.

"ஏனுங்க சாமி, எனக்கும் இந்த அக்காளுக்கும் ஒரே மண்டைங்களா?"

"அம்மன் அருளுங்க. பேயி போனா எல்லார் மூளையும் ஒண்ணாயிரும்."

"மூக்குமுங்களா?" என்றார் சற்றுமுன் பிலிம் கழுவி வாங்கியிருந்த லிங்கசாமி. அவர் மூக்கு ஊரறிந்த மூக்கு. அவர் கையிலிருந்த பிலிமிலோ ஆயம்மாள் பிலிமில் இருந்த அதே சப்பை மூக்கு.

கூட்டம் சிரித்தது. நாச்சிமுத்து திரையைப் பிடித்து இழுத்தான். உள்ளே ஒரே பிலிமின் நகல்கள் அடுக்கடுக்காக இருந்தன. அடியில் சாரதாமணியின் நிஜப் பிலிம், ஏழு புள்ளியும் பத்திரமாக.

"போட்டோவைக் கழுவுனா மூஞ்சி அழுக்குப் போயிருமுங்களா?" என்று அவள் புருஷனைத்தான் கேட்டாள். அவன் மொபெட்டை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினான். அன்று மதியமே முதல் ஊசி ஏறியது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த வரிசையில் நின்ற அத்தனை பேரும் தங்களுக்கு மூளை இருப்பதற்கான சான்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நின்றார்கள். எடுத்துப் பயன்படுத்தத்தான் தோன்றவில்லை.