எலுமிச்சை இயக்கமும் ஈறு தெரிந்த உண்மையும்

உலகைத் திருத்தப் பிறந்த உத்தமர்கள் எப்போதும் பக்கத்து மேசையிலிருந்துதான் தொடங்குவார்கள். காப்பீட்டு அலுவலகத்தின் கிளை மேலாளரும் அப்படித்தான் தொடங்கினார். அவருடைய அறையில் நடந்த 'உயர்மட்ட ஆலோசனை'க்குப் பிறகு (முன்மொழிந்தவர் அவர், வழிமொழிந்தவரும் அவரே) ஆணை பிறந்தது: ஊழியர் அனைவரும் நாள் முழுக்க எலுமிச்சைத் தண்ணீர் பருகுக. உடம்பு சுத்தமாகும், மனசு சுத்தமாகும், தேங்கிய கோப்புகள்கூடத் தானே நகரும்.

"சார், டீ?" என்று தயங்கிக் கேட்டார் கணக்காளர் அம்மா.

"டீ அடிமைத்தனம்மா. எலுமிச்சைதான் விடுதலை."

விடுதலை சொட்டுச் சொட்டாக இறங்கியது. மேலாளர் பெரிய பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேச்சுக்கு ஒரு வாய், கையெழுத்துக்கு ஒரு வாய் என்று உறிஞ்சினார். குடித்த கையோடு பல்லையும் பரபரவென்று தேய்த்துவிடுவார். பல் தேய்ப்பவர் பலருண்டு. பல்லையே தேய்த்துத் தீர்ப்பவர் சிலரே.

பல் கூசுகிறதென்று கணக்காளர் அம்மா அரைநாள் விடுப்புக் கேட்டார். "கூச்சம் நல்ல பண்புதானேம்மா" என்று பெருந்தன்மையோடு மறுத்தார் மேலாளர்.

ஒரு மத்தியானம் மேலாளரே தெரியாத்தனமாகக் குளிர்ந்த தண்ணீர் ஒரு வாய் குடித்தார். நாற்காலியிலிருந்து அவர் எழும்பிய வேகத்தைப் பார்த்து, அடுத்து உடற்பயிற்சித் திட்டமோ என்று ஊழியர்கள் நடுங்கிப் போனார்கள்.

மனைவியின் தங்கை பல் மருத்துவர். மாலையே அவளிடம் போய் வாயைத் திறந்தார். அவள் விளக்கைக் கிட்டே இழுத்தாள்.

"என்ன அத்தான் குடிக்கிறீங்க?"

"உடம்புக்கு நல்லதுதான்மா. எலுமிச்சைத் தண்ணி. நாள் பூரா."

"பூராவா! அந்தப் புளிப்புல இருக்கிற அமிலம் பல்லு மேல இருக்கிற எனாமலை, உடம்புலயே கெட்டியான அதையே இளக்கிடும். கொஞ்ச நேரம் விட்டா எச்சில் அதைச் சரிக்கட்டப் பார்க்கும். நீங்க மூச்சுவிடாம உறிஞ்சினா எச்சில் என்னதான் பண்ணும், பாவம்! இளகின பல்லு மேல பிரஷ் வேற."

"இப்ப என்ன வழி?"

"ஃப்ளூரைடு பூசிவிடறேன். போன தாதுச்சத்து திரும்பி வந்து ஒட்ட உதவும். அடுத்த தடவை அமிலம் பட்டா பல்லு சீக்கிரம் இளகாது. ஆனா ஒண்ணு, தேஞ்சது தேஞ்சதுதான். எனாமல் மறுபடி முளைக்காது. பாட்டிலை விடலைன்னா நான் பூசறதும் வீண்."

பிசின் போன்ற மருந்தைப் பல் பல்லாகப் பூசினாள். மேலாளருக்குத் தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது. உடம்பைச் சுத்தம் பண்ணக் கிளம்பி, உடம்பிலேயே கெட்டியான சாமானைக் கரைத்திருக்கிறேன். இதைச் சாதிக்க எத்தனை முட்டாளுக்கு வாய்க்கும்!

"இப்படி வேற யாராவது குடிக்கிறாங்களா?"

சிரிப்பு நின்றது. கன்னத்தில் கை வைத்தபடி கணக்குப் பார்க்கும் கணக்காளர் அம்மா கண்முன் வந்தார்.

"ஆபீஸே குடிக்குது" என்றார் வாய்க்குள்.

"கூட்டிட்டு வாங்க. இல்ல, நானே வரேன்."

ஒப்புக்கொள்ள ஒரு வரி போதும். எழுத உட்கார்ந்தார். 'தவறு' என்ற சொல் வரும்போதெல்லாம் பேனா மை வற்றியது. மறுநாள் வெளியான சுற்றறிக்கை இதுதான்: 'எலுமிச்சை இயக்கத்தின் முதல் கட்டம் வெற்றிகரமாக நிறைவுற்றது. இரண்டாம் கட்டம், பல் பாதுகாப்பு முகாம்.'

மச்சினி வரவேற்பறையில் நாற்காலி போட்டாள். அலுவலகமே வரிசையில் நின்று பூசிக்கொண்டது. சுற்றறிக்கையைப் படித்துவிட்டு முகாமைப் பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரிக்கு மெய்சிலிர்த்தது.

"ஒருத்தர் பாக்கியில்லாம வந்திருக்கீங்களே! இதுக்கெல்லாம் மூல காரணம் யாரு?"

மருந்து பூசிய வாயை யாரும் திறக்கவில்லை. அறை முழுக்க விரல்கள் எழுந்தன, எல்லாம் மேலாளரை நோக்கி. அதிகாரி பலமாகக் கைதட்டினார். மேலாளருக்கு மட்டும் ஒவ்வொரு தட்டும் கன்னத்தில் விழுந்தது.

"சாரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி.

கணக்காளர் அம்மா மருந்து பூசிக்கொண்ட நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார்.

"சார் மட்டும் இல்லைன்னா, எங்கள்ல ஒருத்தர்கூட இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கவே மாட்டோம்."