கையை வைங்க, கண்ணை மூடுங்க

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கென்றே ஒரு டிவி சேனல். காலையில் மூட்டுவலித் தைலம், மதியம் பழைய பாட்டு, சாயங்காலம் நேரலையில் 'திரை ஐயா'.

ஐயா கேமராவுக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டுவார். நாம் டிவி மேல் கையை வைத்துக் கண்ணை மூட வேண்டும். கொஞ்ச நேரம் மௌனம். அருள் சூடாக இறங்கும். முதுகுவலி, சர்க்கரை, மருமகள் தொல்லை, எல்லாம் பறந்துவிடும். டாக்டர்கள்தான் பாவம், ஆளுக்கு ஒரு வியாதியைப் படித்துவிட்டுத் திண்டாடுகிறார்கள்.

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது ஹாலில் பெரிய டிவி. தேர்தல் நாள் மாதிரி கூட்டம். கை எட்டாதவர்கள் முன்னால் நிற்பவரின் தோளைப் பிடித்துக்கொள்வார்கள். அருள் ஆள் மாறி ஆள் மாறிப் பயணம் போகுமாம்.

முதல் ஆளாக நிற்பவரை எல்லோரும் அண்ணி என்பார்கள். இரண்டு கண்ணிலும் புரை. தள்ளிப்போட்டால் பார்வைக்கே ஆபத்து என்று டாக்டர் எச்சரித்தும், ஆபரேஷன் வேண்டாமென்று நேற்றுதான் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"கத்தி வேணாம், டிவி போதுமா அண்ணி?" என்றார் அவருடைய நாத்தனார்.

"சிரிக்காதடி. கையில சூடு ஏறுதே, அது பொய்யா?"

"ஏறுறது நிஜம்தான். யாரு ஏத்துறான்னு பாத்துடுவோம்."

மௌனம் தொடங்கியது. எல்லாக் கண்களும் மூடின. நாத்தனார் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அணைத்தார். சேனலை மாற்றினார்.

"ஏறுது... முழங்கை வரைக்கும் வந்துடுச்சு" என்றார் அண்ணி.

"எனக்கு இடுப்பு வலி விட்டுடுச்சு" என்றார் பின்னாலிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

"எல்லாருக்கும் வந்துச்சா? இப்பக் கண்ணைத் திறங்க" என்றார் நாத்தனார்.

பக்கத்துக் கைகள் டிவியிலிருந்து வெடுக்கென்று விலகின. அண்ணி மட்டும் திரையை உற்றுப் பார்த்தார்.

"வெள்ளையா தெரியுது. ஐயாதானே?"

"இல்ல அண்ணி. கக்கூஸ். கழுவுற மருந்து விளம்பரம்."

தலைமையாசிரியர் தொண்டையைக் கனைத்தார். "மாத்துறதுக்கு முன்னாடியே அருள் உள்ள வந்திருக்கலாம்ல?"

"அவரையே கேட்டுடுவோம் சார்."

நாத்தனார் பழைய சேனலுக்குப் போய், சத்தத்தை வைத்து, நிகழ்ச்சிக்குப் போன் போட்டார். ஐயாவே பேசினார்.

"சொல்லும்மா, சூடு வந்துச்சா?"

"நல்லாவே வந்துச்சுங்க. ஆனா நாங்க கையை வச்சிருந்தது கக்கூஸ் விளம்பரத்து மேல. அப்ப அது யாரோட அருளுங்க?"

திரையில் ஐயாவின் நீட்டிய கை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போனது. உடனே விளம்பர இடைவேளை.

அண்ணி டிவியிலிருந்து கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் போடு."

"நீங்களே போடுங்களேன்."

"எனக்குத்தான் நம்பர் கண்ணுக்குத் தெரியலையேடி."

கண்ணை மூடு என்று எவனாவது சொன்னால், மூடுவதற்கு முன்னால் ரிமோட் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.