சாட்சிகள் சூடாக இருத்தல் வேண்டும்

உலகில் நீதி இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால், அதற்கு எங்கள் சான் பாஸ்குவால் பேட்டையின் சமாதான மன்றமே காரணம். மணிலாவில் பெரிய நீதிமன்றங்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் தூண்கள் உண்டு. எங்களுக்குத் தூண் இல்லை. கூடைப்பந்து மைதானத்தின் தகரக் கூரை இருக்கிறது. ஆனால் எங்களைப் போல ஒரு வழக்கை மென்று, விழுங்கி, செரித்த நீதிபதி மணிலாவில் ஒருவரும் இல்லை.

மன்றத்தில் நாங்கள் மூவர். முதல்வர் விர்ஹிலியோ தும்லாவ். பேட்டைத் தலைவரும் அவரே. மைதான வாசலில் அவர் சிரிக்கும் பதாகை தொங்குகிறது: 'சண்டையா? வாருங்கள், தீர்ப்போம்.' இரண்டாமவர் சிம்ப்ளிசியோ சார், ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். மூன்றாமவன் நான், செயலாளர்.

வேலி தாண்டிய கோழி, விடிய விடிய மைக்கில் பாடும் அண்டை வீட்டுக்காரன், பெண்டாட்டியின் தம்பி உடைத்த கதவு, எதுவானாலும் முதலில் எங்களிடம்தான் வர வேண்டும். சட்டம் அப்படி. எங்கள் முன் வழக்கறிஞர்கள் வரக்கூடாது. அதுவும் சட்டம். இதை எழுதியவர் தீர்க்கதரிசி. தட்டுகள் குறைவாக இருக்கட்டும் என்று எண்ணியிருக்கிறார். அன்னாசிச் சாறு வழக்கு வரும்வரை அவர் அருமை எங்களுக்குத் தெரியவில்லை.

வாதி சியோனி. மாதா கோயில் முக்கில் பன்றி இறைச்சியைக் குச்சியில் குத்திச் சுட்டு விற்பவள். பிரதிவாதி பாசிங். எதிர்முக்கில் அதையே விற்பவள். பாசிங்கின் மகளுக்கு சியோனி ஞானத்தாய். ஆகவே ஒருவரை ஒருவர் 'மாரே' என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். திட்டும்போதும் அந்த மரியாதை குறையாது.

"என் அன்னாசிய இவ திருடிட்டா, தலைவரே," என்றாள் சியோனி.

"எத்தனை பழம்?"

"பழம் இல்ல. யோசனை."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் எழுதினேன். குற்றம்: திருட்டு. களவுபோன பொருள்: யோசனை. நிறம்: மஞ்சள்.

"அன்னாசி என்ன நீ பெத்த புள்ளையா, மாரே?" என்றாள் பாசிங். "லகுனா மாகாணம் பூரா ரோட்டோரத்துல குவிச்சுக் கெடக்கு."

"கெடக்கட்டும். நீ இத்தனை வருஷம் எலுமிச்ச சோடாவுலதான கறிய ஊற வச்ச? அந்த சோடாவ நாங்க யாராவது தொட்டோமா? என்னோட வாடிக்கை உன் பக்கம் திரும்புற மாதிரி திடீர்னு அன்னாசி எங்கேருந்து வந்துச்சு?"

"மரத்துலேருந்து வந்துச்சு."

"அன்னாசி மரத்துலயா காய்க்குது? பாருங்க தலைவரே, இவளுக்கு அதுகூடத் தெரியாது. இவ எப்படி யோசிச்சிருப்பா?"

வலுவான வாதம். சிம்ப்ளிசியோ சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தலைவரே, வாய்ப் பேச்சுல உண்மை வராது. வாயிலதான் வரும். ரெண்டு பேர் கறியையும் ருசி பாத்தாகணும்."

மன்றம் ஒருமனதாக ஏற்றது. அதோடு ஓர் இடைக்காலத் தடையும் விதித்தது. தீர்ப்பு வரும்வரை, விற்பனைக்கான இறைச்சியில் இருவரும் எந்தப் பழச்சாறும் சோடாவும் சேர்க்கலாகாது. சாட்சியாக மன்றத்துக்குக் கொண்டுவரும் இறைச்சியில் மட்டும் தாராளமாகச் சேர்க்கலாம்.

சியோனியின் முகம் மாறியது. "சாறு இல்லாம எவன் வாங்குவான்? அடுத்த மாசம் பாஸ்குவால் திருவிழா வருது, தலைவரே. எங்களுக்கு வருஷமே அந்த மூணு நாளுதான். அதுக்குள்ள முடிச்சிடுவீங்கல்ல?"

"நீதி அவசரப்படாதும்மா."

"நான் அவசரப்படுறேனே."

அதைப் பதிவு செய்ய வேண்டாம் என்று தலைவர் சைகை காட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாட்சிகள் வந்தன. வாழையிலையில் சுற்றி, மூடிய பாத்திரத்தில். தலைவர் ஒரு குச்சியைத் தொட்டுப் பார்த்து நிராகரித்தார்.

"ஆறிப்போயிருக்கு. சூடு ஆறின சாட்சி பொய் சொல்லும்."

எங்கள் நீதி வரலாற்றில் இது ஒரு திருப்புமுனை. அன்று முதல் இருவரின் அடுப்புகளும் மைதானத்தின் ஓரத்துக்கே வந்தன. விசிறியும் வந்தது. கரிப்புகை பதாகையில் இருந்த தலைவரின் சிரிப்பை மெல்ல மறைத்தது. நீதி தேவதைக்குக் கண்ணைக் கட்டியிருப்பார்கள் என்பார்கள். எங்களுக்குப் புகையே போதுமானதாக இருந்தது.

சியோனியின் தட்டுக்கு 'அ' என்றும் பாசிங்கின் தட்டுக்கு 'ஆ' என்றும் பெயரிட்டோம். சிம்ப்ளிசியோ சார் கண்ணை மூடிக்கொண்டு 'அ'வைச் சுவைத்தார். பூண்டு, சோயா, மிளகு, பழுப்புச் சர்க்கரை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போல இருந்தது.

"அன்னாசி இருக்கு," என்றார் கடைசியில்.

பிறகு 'ஆ'வைச் சுவைத்தார். வெகுநேரம் மென்றார்.

"இதுலயும் இருக்கா, சார்?"

"இதுல இருக்கு. ஆனா அதுல எப்படி இருந்துச்சுன்னு மறந்துபோச்சு. இன்னொண்ணு குடுங்க."

விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. அதற்கடுத்த விசாரணையும் ஒத்திவைக்கப்பட்டது. நாக்கைக் கழுவிக்கொள்ள பீர் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. வெறும் வயிறு ஒருதலைப்பட்சமானது என்பதால் சோறும் சேர்க்கப்பட்டது. தலைவரின் மச்சான் 'நடுநிலைப் பார்வையாளர்' ஆக நியமிக்கப்பட்டார். அவர் நடுநிலைமையை நான் நேரில் கண்டேன். இரண்டு தட்டையும் சமமாகக் காலி செய்தார்.

இதற்கிடையே இரு முக்குகளிலும் கூட்டம் இல்லை. சாறு சேராத இறைச்சி கறுத்து, விறைத்து, குச்சியிலேயே கிடந்தது. மக்கள் நெடுஞ்சாலைக்குப் போய் மீன் உருண்டை தின்றார்கள். சியோனி கடையை மூடிவிட்டு வெள்ளிக்கிழமைக்கு மட்டும் அடுப்பு மூட்டினாள். விற்பதற்கல்ல, நிரூபிப்பதற்கு. நீதிக்காகக் குடிமக்கள் செய்யும் இத்தகைய தியாகங்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஏப்பம் வருகிறது.

பிறகுதான் அந்த அசம்பாவிதம் நடந்தது.

அடுப்புகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. விசிறிக்கொண்டே இருப்பவர்கள் எவ்வளவு நேரம்தான் பேசாமல் இருப்பார்கள்? நான் தூணருகே நின்றிருந்தேன். பந்து வளையம் மாட்டிய தூண்.

"உண்மையச் சொல்லு, மாரே. யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"நீதான். எம் பொண்ணு ஞானஸ்நானத்துக்கு ஒரு பெரிய பேசின் நெறய கறி கொண்டாந்தியே. தின்னேன். நாக்குல நின்னுடுச்சு."

சியோனியின் விசிறி நின்றது. "அது பதினாலு வருஷம் ஆச்சேடி."

"இவ்வளவு நாள் பொறுத்தேன்ல?"

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

இருவரும் சிரித்தார்கள். சத்தமாக, முதுகில் அடித்துக்கொண்டு. நான் ஓடிப்போய்த் தலைவரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த குச்சி பாதியில் நின்றது.

"சிரிக்கிறாங்களா? ரெண்டு பேருமா? சேந்தா?"

"சேர்ந்துதான், தலைவரே."

உடனே அடுப்புகள் மைதானத்தின் இரு கோடிகளுக்கும் மாற்றப்பட்டன. தலைவர் தாமே சியோனியிடம் நடந்து சென்றார். "நீ டப்பாச் சாறுதான் ஊத்துறியாம். பாசிங் ஊரெல்லாம் சொல்றா."

"ஆமா, டப்பாதான். நானே சொல்வேனே."

பிறகு பாசிங்கிடம் சென்றார். "உன் கறியில கொழுப்புதான் அதிகம்னு சியோனி சொல்றாம்மா."

"சரியாத்தான் சொல்றா. கொழுப்பு இல்லாம என்ன ருசி?"

சமாதானத்துக்காக ஒரு தலைவர் இதைவிட அதிகமாக என்ன செய்ய முடியும்? அன்று மாலையே இருவரும் மேசை முன் வந்து நின்றார்கள். புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார்கள். திருவிழாவுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது, தடையை நீக்குங்கள் என்றார்கள்.

தலைவர் அவர்களைக் கருணையோடு பார்த்தார். "போன மாசம் அது உங்க சண்டை. இப்ப அது பேட்டையோட சொத்து. பொதுச் சொத்த நீங்க ரெண்டு பேரும் எப்படிம்மா எடுத்துட்டுப் போக முடியும்?"

"எங்களுக்குள்ள சண்டையே இல்லையே, தலைவரே."

"அத மன்றம் சொல்லணும். வெள்ளிக்கிழமை சாட்சியோட வாங்க. வரலேன்னா தடை நிரந்தரம்."

அவர்கள் கும்பிடாத குறையாகத் திரும்பிப் போனார்கள். ஒரே மூன்று சக்கர வண்டியில் போனதை நான் கவனித்தேன். சிக்கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. திருவிழாவுக்கு முந்தின நாள். இருவர் நடத்தையிலும் அப்படி ஒரு பணிவு. இறைச்சி நிறைந்த பேசின்களை மூடி எடுத்து வந்தார்கள்.

"இன்னைக்கு டப்பா இல்ல, தலைவரே," என்றாள் சியோனி. "காலாவான் ஊரு அன்னாசி. தோட்டத்துலேருந்து நேரா. கையால பிழிஞ்சோம்."

"நேத்து மத்தியானத்துலேருந்து ஊறுது," என்றாள் பாசிங்.

தலைவர் நெகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா சார், மன்றத்து மேல எவ்வளவு மரியாதை!"

சிம்ப்ளிசியோ சார் வாயைத் திறந்தார். பிறகு சோற்றுத் தட்டைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

முதல் குச்சி அடுப்பில் ஏறியது. இறைச்சி ஒரு கணம் நடுங்கியது. பிறகு சொத்தென்று கரியில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது, அடுப்புக்குப் போகும் வழியிலேயே விழுந்தது. பாசிங்கின் பக்கமும் இதே கதை. தலைவர் பாய்ந்து சென்று பேசினுக்குள் கைவிட்டார். கை கூழோடு வெளியே வந்தது.

"என்ன இது?"

"பச்சை அன்னாசிச் சாறு இறைச்சியக் கரைச்சிடும், தலைவரே," என்றார் சிம்ப்ளிசியோ சார். "டப்பாச் சாறு காய்ச்சினது, ஒண்ணும் செய்யாது. ஒரு மணி நேரம்னா பரவாயில்ல. ஒரு நாள் பூரா ஊறினா இப்படித்தான். முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கேன்."

"தெரிஞ்சா முன்னாடியே சொல்ல வேண்டியதுதான?"

"பசியா இருந்துச்சு. ஒருவேளை இந்தத் தடவை கரையாதோன்னு நெனச்சேன்."

மன்றத்தின் முன் இப்போது வெறும் குச்சிகள் இருந்தன.

"சாட்சி எங்கம்மா?" தலைவர் ஒரு குச்சியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சியோனி சிலுவை போட்டுக்கொண்டாள். "செத்துப்போச்சு, தலைவரே."

"அப்ப அடுத்த வெள்ளி வேற சாட்சியோட..."

"அதெப்படி?" என்றாள் பாசிங். "உங்க மச்சான் ஆட்டத் திருடின வழக்குல ஒரே சாட்சி தாசியோ தாத்தா செத்துப்போனாரு. 'சாட்சி செத்தா வழக்கும் செத்துச்சு'ன்னு நீங்கதான தீர்ப்பு சொன்னீங்க. இதே மேசையில உக்காந்து."

நடுநிலைப் பார்வையாளர் கூரையைப் பார்த்தார்.

"முன்னுதாரணம் இருக்கு," என்றார் சிம்ப்ளிசியோ சார். அவருக்குப் பசி வந்துவிட்டால் நேர்மையும் வந்துவிடும்.

தலைவர் கையெழுத்திட்டார். தடை நீங்கியது. கூழ் ஒட்டியதால் கையெழுத்து சற்று வழுக்கியது.

மறுநாள் திருவிழா. மாதா கோயில் முக்கில் ஒரே அடுப்பு, நீளமானது. பின்னால் சியோனியும் பாசிங்கும். பூண்டும் சர்க்கரையும் கருகும் அந்த மணத்தைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. என் மனநிலை கருதி. வரிசை கோயிலைச் சுற்றி, மைதானத்தைத் தாண்டி, நெடுஞ்சாலை மீன் உருண்டைக் கடை வரை நீண்டது. மீன் உருண்டைக்காரரே வரிசையில் நின்றார்.

தலைவர் நேராக அடுப்பருகே சென்றார். நாங்கள் பின்தொடர்ந்தோம்.

"வரிசை அந்தப் பக்கம், தலைவரே," என்றாள் சியோனி, நிமிராமல்.

"நான் சோதனைக்கு வந்திருக்கேன்."

"சோதனைக்கும் அதே வரிசைதான். எட்டி நில்லுங்க, பொறி பறக்குது."

நின்றோம். ஊர்வலம் போனது. வாத்தியக் குழு போனது. புனித பாஸ்குவாலே பக்தர்கள் தோளில் ஏறி எங்களைக் கடந்து போனார். எங்கள் முறை வந்தபோது பாசிங் கடைசிக் குச்சியை எங்களுக்கு முன்னால் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு விசிறியைக் கவிழ்த்து வைத்தாள்.

"தீந்துபோச்சு, தலைவரே. நாளைக்கு வாங்க. கொஞ்சம் சீக்கிரமா வாங்க."

அன்று மாலையே மன்றத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. நான் இதுவரை எழுதியவற்றில் மிகக் கனமான ஆவணம் அதில்தான் உருவானது. குற்றம்: மன்றத்தின் அனுமதியின்றிச் சமாதானமாகப் போனது. புகார்தாரர்: மன்றம். பாதிக்கப்பட்டவர்: மன்றம். நீதிபதி: மன்றம். நடுநிலைப் பார்வையாளர் வழக்கம்போல. குற்றவாளிகள் இருவரும் வெள்ளிக்கிழமை நேரில் வர வேண்டும், டப்பாச் சாற்றோடு.

வரமாட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேலை இருக்கிறதாம். இதைப் பார்த்துக் கோழிக்காரனும் அண்டை வீட்டுப் பாடகனும் அவரவர் சண்டையைத் தாங்களே பேசித் தீர்த்துக்கொண்டார்கள் என்று கேள்வி. பெண்டாட்டியின் தம்பி கதவைத் தானே சரிசெய்துவிட்டானாம். மேசை காலியாகக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மன்றம் தன் சொந்தக் காசில் டீ குடிக்கிறது.

எங்கள் பேட்டையில் இப்போது ஒரு சண்டைகூட இல்லை. இதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.