தங்கக்கைக்கு வந்த சளி

தங்கக்கை வீட்டில் உட்கார்ந்து மூன்றாவது முறையாகப் பந்தைத் தட்டிப் பார்த்தார். கை எதுவும் சொல்லவில்லை.

கோல்ஃப் பந்துத் தொழிற்சாலையில் இருபது வருடமாக அவருக்கு இதுதான் வேலை. மட்டையால் லேசாகத் தட்டி, பந்து எவ்வளவு அமுங்கும் என்று சொல்ல வேண்டும். அந்தக் கணக்குக்குக் கம்ப்ரெஷன் என்று பெயர். நாற்பது என்றால் மெத்தென்று இருக்கும். மெதுவாக வீசுகிறவர்களுக்குச் சுகம். நூறு என்றால் ஒரே விறைப்பு. ஓங்கி அடிக்கிற பலசாலிகளுக்குத்தான் சரிப்படும். இவர் தட்டியதும் "எழுபத்திரண்டு" என்பார். யாரும் மறுத்ததில்லை. மறுக்கத் தெரிந்த ஆளும் இல்லை. 'தங்கக்கை' என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

இப்போது மெஷின் வந்துவிட்டது.

"நாளைக்குப் பத்துப் பந்து. மெஷினும் சொல்லட்டும், நீங்களும் சொல்லுங்க. ரெண்டுக்கு மேல தப்பாச்சுன்னா நீங்க வீட்லயே இருந்துக்கலாம்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

ஐம்பத்திரண்டு வயதுக்காரரைப் பந்து தட்ட வேறு யார் கூப்பிடுவார்கள்? போதாக்குறைக்குச் சளி வேறு பிடித்து, காது இரண்டும் அடைத்திருந்தது.

"சளி மூக்குலதானே? கைக்கு என்ன வந்துச்சு?" என்று மனைவி அவர் காதருகே கத்தினாள்.

"அதான்டி எனக்கும் புரியலை!"

அவளுக்கு ஆர்வம் தாங்கவில்லை. மட்டையைப் பிடுங்கி இரண்டு பந்துகளைத் தட்டினாள். "இது டொக்குங்குது. இது டிக்குங்குது." பிறகு காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தட்டினாள். முகம் மாறியது.

"என்னங்க, இப்ப ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு! இருபது வருஷமா வேலை பாத்தது உங்க கை இல்லீங்க, காது!"

தங்கக்கை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை நாள் சும்மா இருந்துகொண்டு பெயரை மட்டும் வாங்கியிருக்கிறது.

உடனே காது வைத்தியம் ஆரம்பமானது. ஆவி பிடித்தார், மூக்கு திறந்தது, காது இன்னும் இறுகியது. மனைவி எண்ணெயைக் காய்ச்சி ஊற்றினாள். கேட்டுக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சமும் போனது. தலையைச் சாய்த்து ஒற்றைக்காலில் குதித்தார். கீழ்வீட்டுக்காரர் வந்து கையை ஆட்டி ஆட்டித் திட்டினார். உடம்பு விசாரிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து, "ரொம்ப நன்றி" என்றார் தங்கக்கை.

மறுநாள் காலை பரீட்சை. மெஷின் கம்பெனிப் பெண் எதிரே உட்கார்ந்திருந்தாள். மெஷினின் திரை அவள் பக்கம். அவள் பந்தை அதில் வைத்து அமுக்கி, எண்ணை நோட்டில் எழுதிவிட்டுப் பந்தை இவரிடம் தள்ளுவாள். இவர் தட்டிச் சொன்னதும் மேனேஜர் நோட்டைப் பார்ப்பார்.

முதல் பந்தைத் தட்டினார். பஞ்சு மூட்டையைத் தட்டியது போல இருந்தது. போச்சு, எல்லாம் போச்சு.

அப்போதுதான் அவள் எழுதும்போது பேனாவின் வால் ஆடியது நினைவுக்கு வந்தது. பள்ளியில் கணக்குப் பாடம் முழுவதையும் முன்பெஞ்சுக்காரனின் பேனா வாலைப் பார்த்துப் பாஸ் செய்தவர் அவர். இரண்டு சுழி, அப்புறம் ஒரு வெட்டு.

"எண்பத்தேழு."

மேனேஜர் நோட்டைப் பார்த்தார். புருவம் உயர்ந்தது.

பிறகு தங்கக்கை பந்தைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் பேனாவைக் கன்னத்தில் வைத்து யோசித்துத்தான் எழுதினாள். பொறுப்பான பெண் என்று நினைத்துக்கொண்டார். அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. பாவம், ஒரு மனிதன் மெஷினுக்குச் சமமாக நிற்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் வெளுக்காது?

பத்துக்குப் பத்து!

சந்தோஷத்தில் தங்கக்கைக்குப் பெரிய தும்மல் ஒன்று வந்தது. காது இரண்டும் படாரென்று திறந்துகொண்டன.

"மெஷினும் வேணும், நீங்களும் வேணும். அது சரியாச் சொல்லுதான்னு இனிமே நீங்கதான் பாத்துக்கணும்!" என்று மேனேஜர் அவர் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

கதவு மூடியதும் அந்தப் பெண் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சார், இந்த மெஷின் காலையிலேர்ந்து பூஜ்யத்தைத் தவிர வேற எதையும் காட்டலை. வேலை போயிடுமேங்கிற பயத்துல மனசுல தோணின நம்பரை எழுதினேன். பத்தையும் எப்படி சார் கரெக்டாச் சொன்னீங்க?"